அழகர் என்ன பட்டு கட்டியிருக்கார்?

விடிகாலை நாலு மணிக்கே அம்மா குளித்துவிட்டு வந்து டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டாள். மடியில் சர்க்கரைச் செம்பு. மேலே வாழையிலை மூடி, சூடம் தயாராக. கொரோனா முடிந்து, 2022-ல் கள்ளழகர் மறுபடி வைகை ஆற்றில் இறங்கிய சித்திரா பௌர்ணமி அது.

ஐம்பது வருஷத்துக்கு மேல் அம்மா அழகரை ஆற்றில் நின்றுதான் பார்த்திருக்கிறாள். சோழவந்தான் பக்கத்துக் கிராமத்திலிருந்து சின்னப் பிள்ளையாக மாட்டு வண்டியில் வந்திருக்கிறாள். கல்யாணத்துக்கு அப்புறம் விளாங்குடியிலிருந்து நடந்தே போயிருக்கிறாள். மூட்டு வலி வந்து, 'நம்மால முடியாது' என்று அவளே ஒப்புக்கொண்டது அந்த வருஷம்தான்.

"அதான் பெரிய டி.வி. இருக்கேம்மா. ஆத்துல நிக்கிறதைவிடப் பக்கத்துல தெரியும்" என்று சமாதானம் சொன்னவன் நான். சுவரில் 43 இஞ்ச் டி.வி. தவணையில் வாங்கியது. அதன்மேல் எனக்கு ஒரு கர்வம் உண்டு.

ஆறு மணி சுமாருக்குத் தங்கக் குதிரை ஆற்றை நெருங்கியது. கூட்டம் 'கோவிந்தா' போட்டது. நாலு பக்கமிருந்தும் தோல்பையால் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். சரியாக அந்த நேரம் பார்த்துப் படம் சதுரம் சதுரமாக உடைந்தது. குதிரை இருக்கிறது, சாமி இருக்கிறார் என்று தெரிகிறது. ஆனால் எல்லாம் மழையில் கரைந்த கோலம் மாதிரி.

அம்மா கேட்டாள். "ஏப்பா, அழகர் என்ன பட்டு கட்டியிருக்கார்?"

எழுந்து போய்க் கிட்டத்தில் பார்த்தேன். பச்சையா, நீலமா, கறுப்பா? என்னால் சொல்ல முடியவில்லை.

மதுரைக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அழகர் எந்த நிறப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்குகிறார் என்பதுதான் எங்கள் ஊருக்கு அந்த வருஷத்து வானிலை அறிக்கை. பச்சை என்றால் மழை உண்டு, வயல் விளையும். சிவப்பு என்றால் பெரியவர்கள் முகம் சுருங்கும். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நெல்லும் வாழையும் வெற்றிலைக் கொடியும் போட்ட குடும்பங்களில் அன்றைக்கு முதல் கேள்வி அதுதான். அம்மாவுக்கு இப்போது வயல் இல்லை. கேள்வி மட்டும் இருக்கிறது.

"ஆத்துல பத்தாயிரம் தலைக்குப் பின்னாடி நின்னாலும் பட்டு தெரியும். இம்புட்டுப் பெரிய பொட்டியை வாங்கி வச்சிருக்க, என்னத்துக்கு?"

பதில் சொல்லத் தெரியாமல் கேபிள்காரத் தம்பியைக் கூப்பிட்டேன். மத்தியானம் வந்தார். டி.வி.யைப் பார்த்தார், கீழே இருந்த செட்-டாப் பாக்ஸைப் பார்த்தார், சிரித்தார்.

"அண்ணே, டி.வி.தான் எச்.டி. பாக்ஸு எஸ்.டி. தாவணிக்கு எடுத்த துணியில சேலை கட்டுனா எப்படி? இழுத்து இழுத்துக் கட்டினாலும் பத்தாதுல்ல!"

அந்தத் தாவணிக் கணக்கை அன்று ராத்திரி உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். நான் படித்தது பி.காம். இயற்பியல் பிளஸ் டூவோடு... இல்லை, அதற்கும் முன்னாலேயே போய்விட்டது. ஆனால் இது இயற்பியலைவிட வரவு செலவு சம்பந்தப்பட்டதாகத்தான் இருந்தது.

டி.வி. படம் என்பது புள்ளிகள். சாதாரண எஸ்.டி. படத்தில் குறுக்கே 720 புள்ளி, நெடுக்கே 576. பெருக்கினால் 4,14,720. முழு எச்.டி.யில் 1920-க்கு 1080. பெருக்கினால் 20,73,600. ஒன்றை ஒன்றால் வகுத்துப் பாருங்கள். சரியாக ஐந்து மடங்கு! தசமப் புள்ளிகூடக் கிடையாது. ஐந்தொகை டேலி ஆன சந்தோஷம் எனக்கு.

ஆக, என் டி.வி. இருபது லட்சம் புள்ளிகளைக் கேட்கிறது. பாக்ஸ் நாலு லட்சம்தான் கொடுக்கிறது. மீதி பதினாறு லட்சத்தை டி.வி.யே அக்கம் பக்கம் பார்த்து உத்தேசமாக நிரப்பிக்கொள்கிறது. அடுத்தவன் பேப்பரைப் பார்த்துப் பரீட்சை எழுதுகிற கதை.

அந்த 576 எங்கிருந்து வந்தது? பழைய காலத்திலிருந்து. 1975-ல் சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியபோதும், 1982-ல் வண்ணம் வந்தபோதும் நம் படத்துக்கு மொத்தம் 625 கோடு. அதில் படம் தெரிவது 576. எங்கள் ஊர்ப் பெரியவர்கள், உயரமான கம்பத்தில் ஆன்டெனாவைக் கட்டி, கடல் தாண்டி வந்த இலங்கை ரூபவாகினியைப் பிடித்த கதையைச் சொல்வார்கள். நான் விவரம் தெரிந்து பார்த்தது கொடைக்கானல் மலைக் கோபுரத்திலிருந்து வந்த தூர்தர்ஷன். காற்றடித்து ஆன்டெனா திரும்பிவிட்டால் மொட்டை மாடியில் ஒருவர், ஜன்னலில் ஒருவர், டி.வி. முன்னால் ஒருவர் என்று மூன்று பேர் வேண்டும். "தெரியுதா?" "இல்ல..." "இப்ப?" "இன்னும் கொஞ்சம்!"

அந்தப் படம் கெட்டுப்போவதில் ஒரு நிதானம் இருந்தது. முதலில் பூச்சி பறக்கும், பிறகு நிழல் விழும், அதற்கப்புறம்தான் ஆள் மறைவார். இப்போது அப்படி இல்லை. நன்றாக இருக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். கெட்டால் பொசுக்கென்று சதுரம் சதுரமாக உடையும்.

உடைவதற்குக் காரணம் ஆன்டெனா இல்லை, சிக்கனம். முழு எச்.டி. படத்தை அப்படியே அனுப்பினால் எவ்வளவு இடம் பிடிக்கும் தெரியுமா? இருபது லட்சம் புள்ளி, விநாடிக்கு 25 படம், புள்ளிக்கு 24 பிட். பெருக்கினால் விநாடிக்கு 124 கோடி பிட் வருகிறது. ஒரு எச்.டி. சேனலுக்கு நடைமுறையில் கிடைப்பதோ விநாடிக்குச் சுமார் 80 லட்சம். நூற்றைம்பது ரூபாய் செலவுக்கு ஒரே ஒரு ரூபாய் ஒதுக்கீடு! எந்தக் குடும்பத் தலைவியும் இப்படிக் குடித்தனம் நடத்தியிருக்க முடியாது.

எப்படி நடத்துகிறார்கள்? முதல் தந்திரம், மாறியதை மட்டும் சொல்வது. ஊரிலிருந்து அத்தை போன் பண்ணினால், வீட்டில் எத்தனை ஜன்னல், எத்தனை தூண் என்றா ஒப்பிக்கிறார்? "மாடு கன்னு போட்டுருச்சு, மத்ததெல்லாம் அப்படியேதான்" என்கிறார். டி.வி.யும் அதைத்தான் செய்கிறது. செய்தி வாசிப்பவருக்குப் பின்னால் இருக்கும் சுவர் மாறுவதில்லை. உதடும் கண்ணும்தான் அசைகின்றன. அதை மட்டும் அனுப்பினால் போதும்.

இப்போது அழகரை யோசியுங்கள். லட்சக்கணக்கில் தலை. ஒவ்வொரு தலையும் ஒவ்வொரு திசையில் ஆடுகிறது. தண்ணீர் தெறிக்கிறது, பூ விழுகிறது, சூடப் புகை எழுகிறது, ஆற்றுத் தண்ணீரில் வெளிச்சம் உடைகிறது. விடியாத நேரமாதலால் கேமரா படத்திலேயே பூச்சி. 'மத்ததெல்லாம் அப்படியேதான்' என்று சொல்ல அங்கே எதுவுமே இல்லை. கொடுத்த பிட் பத்தாது. மிஷின் என்ன செய்யும்? விவரத்தை உதறிவிட்டு, 'இந்தக் கட்டம் முழுக்க சுமாராக இந்த நிறம்' என்று எழுதி அனுப்பிவிடும். நாம் பார்த்த சதுரம் அதுதான். அலங்காநல்லூர் வாடிவாசலில் காளை புழுதியோடு பாய்கிற நொடியில் படம் குழம்புவதும் இதனால்தான். மதுரையின் இரண்டு பெரிய காட்சிகளும், சுருக்குகிற மிஷினுக்குப் பிடிக்காத காட்சிகள்.

இரண்டாவது தந்திரம்தான் என்னைத் திடுக்கிட வைத்தது. நம் கண்ணுக்கு வெளிச்ச வித்தியாசம் நன்றாகத் தெரியும், நிற வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. ஆகவே வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி அனுப்புகிறார்கள். நிறத்தை மட்டும் நாலு புள்ளிக்கு ஒன்று என்று அனுப்புகிறார்கள். எச்.டி.யிலும் இதே விதிதான், ஆனால் அங்கே ஐந்து மடங்கு கையிருப்பு இருக்கிறது. எஸ்.டி.யில் நிறத்துக்கு மிஞ்சுவது 360-க்கு 288. தூரத்துக் காட்சியில் அழகர் திரையின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு, உயரத்தில் பத்தில் ஒரு பங்கு என்று வையுங்கள். மாலை, நகை, குடை எல்லாம் போக, பட்டுக்கு நிற்பது ஒரு நூறு புள்ளி. அதையும் மேலே சொன்ன சுருக்கலில் பிழிந்தால்?

யாரும் தப்பு செய்யவில்லை. மனிதக் கண் எதைக் கவனிக்காதோ அதை விட்டார்கள். அம்மா கேட்டது அதைத்தான்.

"சரி தம்பி, எல்லாச் சேனலையும் எச்.டி.யாவே குடுத்துட்டா என்ன?" என்று கேபிள் தம்பியிடம் கேட்டேன்.

"பஸ்ஸு ஒண்ணுதானண்ணே. சீட்டு போடவா, ஆளை நிக்க வைக்கவா?"

இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது. பழைய காலத்தில் ஒரு சேனலுக்கு 7 அல்லது 8 மெகாஹெர்ட்ஸ் இடம் கொடுத்திருந்தார்கள். டிஜிட்டல் கேபிளில் அதே 8 மெகாஹெர்ட்ஸில் விநாடிக்குச் சுமார் 3 கோடியே 80 லட்சம் பிட் ஓடும். பழைய சுருக்கு முறையில் அதில் பத்துப் பன்னிரண்டு எஸ்.டி. சேனல் நிற்கலாம். புது முறையில் இருபது வரைக்கும் நெருக்கலாம். எச்.டி. என்றால் நாலைந்துதான். மாட்டுத்தாவணியில் நிற்கிற டவுன் பஸ்ஸும் ஏ.சி. ஸ்லீப்பரும் ஒரே நீளம்தானே, ஏறுகிற தலை எத்தனை?

உலகம் முழுக்க இந்தப் பஞ்சாயத்துதான். ஜப்பானின் என்.எச்.கே. 1125 கோட்டில் எச்.டி. செய்து, 1991-ல் செயற்கைக்கோள் வழியாகத் தினசரி ஒளிபரப்பே ஆரம்பித்துவிட்டது. பழைய அனலாக் முறை என்பதால் இடம் விழுங்கியது. 1990-ல் அமெரிக்காவில் ஒரு கம்பெனி, 'மொத்தத்தையும் டிஜிட்டலாக்கிச் சுருக்கினால் பழைய ஒரு சேனல் இடத்திலேயே அடக்கலாம்' என்றது. 1996-ல் அந்த வழியையே அமெரிக்கா சட்டமாக்கியது. முந்திக்கொண்ட ஜப்பான், 2007-ல் பழைய கடையை மூடிவிட்டு டிஜிட்டலுக்கு வந்துசேர்ந்தது. நம் தூர்தர்ஷன் எச்.டி.யில் இறங்கியது 2010 டெல்லி காமன்வெல்த் விளையாட்டில்.

எச்.டி.க்குள்ளேயும் இரண்டு கட்சி. 1080 கோட்டை ஒற்றைப்படை வரிசை, இரட்டைப்படை வரிசை என்று பாதி பாதியாக மாற்றி மாற்றி அனுப்புவது ஒன்று. 720 கோடுதான், ஆனால் ஒவ்வொரு தடவையும் முழுசாக அனுப்புவது இன்னொன்று. அசையாத கோபுரத்துக்கு முதலாவது அழகு, ஓடுகிற காளைக்கு இரண்டாவது நல்லது. அமெரிக்காவில் ஈ.எஸ்.பி.என். விளையாட்டுச் சேனல் 720-ஐ எடுத்தது இதனால்தான். எண் பெரிதாக இருந்தால் படம் நன்றாக இருக்கும் என்று கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. புள்ளி என்பது பாத்திரம். பிட் என்பதுதான் பால். அஞ்சு லிட்டர் பாத்திரத்தில் ஒரு லிட்டர் பாலை ஊற்றி, மிச்சத்துக்குத் தண்ணீர் விட்டாலும் 'அஞ்சு லிட்டர்' என்று சொல்லலாம். மூலையில் எச்.டி. என்று எழுதியிருக்கும் சில சேனல்கள் அந்த ரகம்.

விலை கணக்கைப் பாருங்கள். 2019-ல் 'டிராய்' புது கட்டணமுறை கொண்டுவந்தபோது, 130 ரூபாயும் வரியும் கட்டினால் 100 எஸ்.டி. சேனல். அதில் ஒரு எச்.டி. சேனலை எடுத்தால் இரண்டு எஸ்.டி.யாகக் கணக்கில் கழியும். புள்ளியில் ஐந்து மடங்கு, கணக்கில் இரண்டு மடங்கு. லாபம்போலத்தான் தெரிகிறது. ஆனால் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் எத்தனை வீட்டில் அதைக் கேட்டார்கள்? 2006-லிருந்து அரசு கொடுத்த 14 இஞ்ச் இலவச டி.வி. ஓடிய வீடுகள் அவை. 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குத் தொண்ணூறு சேனல் கொடுத்தபோது நிம்மதியானவர்கள். அந்தச் சின்னப் பெட்டியில் 576 கோடு தாராளம். தெளிவைவிட எண்ணிக்கைதான் அங்கே நியாயமான ஆசை. அதனால் பஸ்ஸில் ஆளை நிற்கவைத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

2020-ல் நாம் எல்லோருமே நின்றுகொண்டுதான் போனோம். மார்ச் கடைசியில் நாடே வீட்டுக்குள் அடைந்தபோது, இணையத்தில் படம் காட்டும் கம்பெனிகள் சேர்ந்து, செல்போன் நெட்வொர்க்கில் ஏப்ரல் 14 வரை 480-க்கு மேல் தெளிவு தருவதில்லை என்று அறிவித்தன. பாதை குறுகல், ஆள் அதிகம். மே 4-ம் தேதி மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் நடந்து இணையத்தில் வந்தது. என் மனைவி போனைச் சுவரில் சாய்த்து வைத்து, தாலிக் கயிறு மாற்றக் காத்திருந்தாள். சரியான நேரத்தில் படம் உறைந்துவிட்டது. ஆனால் கெட்டிமேளம் மட்டும் நிற்காமல் கேட்டது. அம்மா உள்ளே இருந்து, "மேளம் கேக்குதுல்ல, கட்டிக்கத்தா!" என்றாள்.

அதற்கும் கணக்கு இருக்கிறது. நல்ல சத்தத்துக்கு விநாடிக்கு ஒண்ணேகால் லட்சம் பிட் இருந்தால் போதும். எச்.டி. படத்துக்குக் கொடுப்பதில் அறுபதில் ஒரு பங்கு. பஞ்சத்திலும் பிழைப்பது சத்தம்தான்.

2023 சித்திரைக்கு முன்னால் எச்.டி. பாக்ஸ் மாற்றிவிட்டேன். நாற்காலியையும் அளந்து போட்டேன். எச்.டி.யின் முழுப் பயன் தெரிய, திரையின் உயரத்தைப்போல மூன்று மடங்கு தூரத்தில் உட்கார வேண்டும். 43 இஞ்ச் டி.வி.யின் உயரம் சுமார் 21 இஞ்ச். ஆக, அஞ்சேகால் அடி. பத்துப் பன்னிரண்டு அடிக்கு அப்பால் உட்கார்ந்தால் எஸ்.டி.க்கும் எச்.டி.க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. காசு தண்டம்.

குதிரை ஆற்றில் இறங்கியது. துளி துளியாகத் தண்ணீர் தெரிந்தது. பட்டு தெரிந்தது. பளிச்சென்று பச்சை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியாம்மா?"

அம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "நல்லா இருக்குப்பா."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். நான் வாங்கிவந்த புடவை பிடிக்காதபோது வருகிற குரல்.

"என்ன கலரும்மா?"

பதில் வரவில்லை. மெதுவாக, "பழுப்பாத்தான்ப்பா இருக்கு. ரெண்டு வருஷமா எல்லாமே அப்படித்தான் இருக்கு" என்றாள்.

டி.வி. சரியில்லை என்று நினைத்திருக்கிறாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு வருஷம் முழுக்க கோடுகளையும் பிட்டுகளையும் கூட்டிக் கழித்தேன். அஞ்சேகால் அடி தள்ளி உட்கார்ந்திருந்தவளின் கண்ணை ஒரு நாளும் பார்க்கவில்லை. பாத்திரம் சரி, பால் சரி, வாங்கி வைக்கிற இடத்தில் ஓட்டை.

அடுத்த வாரமே அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு மதுரையில் தொடங்கியது. இரண்டு கண்ணிலும் புரை. முற்றியிருந்தது. புரை வந்தால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் பழுப்பேறி, நிறமெல்லாம் மங்கும் என்றார் டாக்டர். எடுத்துவிட்டு உள்ளே வேறு லென்ஸ் வைத்தார்கள். ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த அந்த லென்ஸை, 1992 முதல் அரவிந்தின் ஆரோலேப் இங்கேயே செய்கிறது. பூராவும் சேர்ந்து நான் டி.வி.க்குக் கட்டிய தவணையைவிடக் குறைவு.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று அம்மா கூடத்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்ப வெள்ளையடிச்ச?" என்றாள். நான் அடிக்கவில்லை.

2024 சித்திரா பௌர்ணமி. அதே நாலு மணி, அதே சர்க்கரைச் செம்பு, அதே நாற்காலி. அழகர் இறங்கினார். நான் கேட்பதற்கு முன்னாலேயே, "பச்சை" என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அத்தோடு முடிந்தது என்று நான் எழுந்தேன்.

அம்மா எழவில்லை. சாமியை விட்டுவிட்டு திரையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தை. பிட் பஞ்சம் வந்தால் மிஷின் முதலில் கரைத்துவிடுகிற அதே கூட்டத்தை. இப்போது அதில் முகங்கள் இருந்தன.

"அந்தா, அந்தப் பொம்பளை நிக்கிறா பாரு, செம்பைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு..."

"தெரிஞ்சவங்களாம்மா?"

"இல்லப்பா. நான் நிக்கிற எடத்துல நிக்கிறா."